காட்டுப்பாதையிலும் முகாமிலும் பிளக்-இன் ஹைபிரிட்: மின்னூட்டத்தை எங்கே செலவிடுவது?

பெட்ரோல் எஞ்சினோடு, வெளியிலிருந்து மின்னூட்டக்கூடிய பேட்டரியும் மின்மோட்டாரும் கொண்ட பிளக்-இன் ஹைபிரிட் வாகனத்தில் கரடுமுரடான பாதைக்குப் புறப்படும் பலர், ஏற்றிவந்த மின்சாரம் முழுவதையும் நெடுஞ்சாலையிலேயே தீர்த்துவிடுகின்றனர். ஜீப் ராங்லர் 4எக்ஸ்இ வாகனத்தின் 17.3 கிலோவாட்-மணி பேட்டரி, மின்சாரத்தில் மட்டும் ஏறத்தாழ 35 கிலோமீட்டர் ஓடவே போதுமானது. எஞ்சின் சீராக இயங்கக்கூடிய நெடுஞ்சாலையில் அதைக் கரைப்பதில் பெரிய பயனில்லை. ஆகவே கிளம்பும்போதே மின்னூட்டத்தைச் சேமிக்கும் இயக்கநிலையைத் தேர்ந்தெடுத்து, தார்ச்சாலை முடியும் இடம்வரை பெட்ரோலிலேயே செல்லுங்கள்.

பாறைப் பாதையில்தான் அந்தச் சேமிப்பின் அருமை தெரியும். மின்மோட்டார், நின்ற நிலையிலிருந்தே முழு முறுக்குவிசையைத் தருவதால், எஞ்சினை உறுமவிட்டு வேகம் கூட்டாமல், ஆக்சிலரேட்டரை மெல்ல அழுத்தியே ஒவ்வொரு கல்லாக ஏறலாம். எஞ்சின் ஓசை இல்லாதபோது, டயர் வழுக்குவதும் அடித்தட்டில் கல் உரசுவதும் தெளிவாகக் காதில் விழும். ஓட்டுநருக்கு இது சொகுசன்று, தகவல். மேலிருந்து நீண்ட இறக்கத்தில் வரும்போது மோட்டாரே பிரேக்காகச் செயல்பட்டு மின்சாரத்தைத் திரும்பச் சேர்க்கும். ஆனால் பேட்டரி நிரம்பியிருந்தால் அந்த மின்சாரத்தை ஏற்க இடமிராது என்பதால், உச்சியை அடையும்போது அதில் சிறிது காலியிடம் இருக்கட்டும்.

எல்லா பிளக்-இன் ஹைபிரிட்டும் இவ்வகையில் ஒன்றல்ல. ராங்லரில், விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பகிர்ந்தளிக்கும், குறைவேக கியருடன் கூடிய டிரான்ஸ்ஃபர் கேஸ் உண்டு. மிட்சுபிஷி அவுட்லேண்டர் போன்றவற்றில் பின்சக்கரங்களைத் தனி மோட்டார் மட்டுமே இயக்குகிறது. முன்னிருந்து பின்னுக்குச் செல்லும் தண்டு கிடையாது. சேற்றுப் பாதைக்கும் ஈரப் புல்வெளிக்கும் இவ்வமைப்பு போதும் என்பதே என் கருத்து. ஆழ்மணலில் நெடுநேரம் ஏறினால் மோட்டார் சூடாகி, கட்டுப்பாட்டுக் கருவி ஆற்றலைக் குறைத்துவிடக்கூடும். பேட்டரியால் கூடும் எடையும் மணலில் பாதகமே. டயர் அழுத்தத்தைக் குறைக்கத் தயங்க வேண்டாம்.

முகாமில் கணக்கு எளிது. ஒரு கிலோவாட்-மணி என்பது ஒரு யூனிட். 45 வாட் பயணக் குளிர்பெட்டி பாதி நேரம் ஓடினால் நாளொன்றுக்கு அரை யூனிட்டுக்குச் சற்றே அதிகம். 1500 வாட் மின்னடுப்பு நாற்பது நிமிடத்தில் ஒரு யூனிட். விளக்குகளுக்குக் கணக்கே தேவையில்லை. எனவே ஓர் இரவுக்கு மூன்று யூனிட் ஒதுக்கினால் தாராளம். வாங்கும் முன், வாகனத்தில் 1500 வாட் தரும் மின் சாக்கெட் உள்ளதா என உறுதிசெய்யுங்கள். ஒரே மாடலிலும் நாட்டுக்கு நாடு இது மாறுகிறது.

மின்னூட்டம் குறைந்தால், பல வாகனங்களில் எஞ்சின் தானாகவே இயங்கத் தொடங்கும். பயனர் கையேட்டைப் பார்த்து அது எப்போது நிகழும் என்பதை அறிந்துகொள்ளுங்கள். சூடேறிய சைலன்சர் குழாய் காய்ந்த புல்லைப் பற்றவைக்கும். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. ஆகவே வெறும் தரையில் நிறுத்தி, கூடாரத்தைப் புகைக்குழாயிலிருந்து தள்ளி, காற்று வரும் திசையில் அடியுங்கள். உறங்கும் முன் வெளி இணைப்புகளைத் துண்டித்து, வாகனத்தை முழுமையாக அணைத்துவிடுங்கள். குளிர்பெட்டிக்குத் தனியாக ஒரு சிறு பேட்டரி வைத்திருந்தால், பகலில் அதை நிரப்பிக்கொள்ளலாம்.