இதயத் தமனி எம்ஆர்ஐ: கான்ட்ராஸ்ட் மருந்தை எவ்வளவு, எந்த வேகத்தில், எப்போது செலுத்துவது

கரோனரி தமனியின் அகலம் பெரும்பாலும் 2 முதல் 4 மில்லிமீட்டர்தான். துடிப்போடும் மூச்சோடும் அது நகர்ந்துகொண்டே இருப்பதால் படம் எடுக்கப் பல நிமிடங்கள் ஆகும். கான்ட்ராஸ்ட் மருந்தான கடோலினியமோ முதல் சுற்றிலேயே ரத்தக் குழாயைத் தாண்டி இதயத் தசைக்குள் கசியத் தொடங்கிவிடும். இந்த இரண்டு நேரங்களையும் பொருத்துவதுதான் முக்கியமான வேலை. மருந்தும் அளவும் ரேடியாலஜிஸ்ட் சொல்வதே.

மருந்து தேவையா?

1.5 டெஸ்லா (காந்த வலிமையின் அலகு) இயந்திரத்தில் பெரும்பாலும் தேவையில்லை. தசையின் டி2 (சமிக்ஞை தேயும் நேரம்) சுமார் 50 மில்லிவிநாடி, தமனி ரத்தத்துக்கு அது பல மடங்கு. எனவே டி2 பிரெப்பும் (டி2 குறைந்த தசையை மங்கச் செய்யும் முன்பல்ஸ்) கொழுப்பு அடக்கலும் சேர்த்தாலே ரத்தம் பளிச்சென்று தெரியும். 3 டெஸ்லாவில், 1.5-ல் பயன்படும் சமநிலை சீக்வென்ஸில் (எஸ்எஸ்எஃப்பி என்ற பட முறை) கருப்புப் பட்டைகள் விழும், உடல் சூடேறும் வரம்பும் இடிக்கும். அங்கே இன்வெர்ஷன் பல்ஸுடன் (சமிக்ஞையைத் தலைகீழாக்கும் பல்ஸ்) கிரேடியன்ட் எக்கோ என்ற பட முறை, கூடவே கடோலினியம் என்பதே நல்ல வழி.

படி 1: நோயாளியைக் கேளுங்கள்

முன்பு கான்ட்ராஸ்ட் ஒவ்வாமை வந்ததா, கர்ப்பமா, ஈஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் வடிகட்டும் திறனின் அளவு) எவ்வளவு? 30-க்குக் கீழே இருந்தால் மருத்துவர் முடிவெடுக்கும் வரை நிறுத்துங்கள். தோலும் உறுப்புகளும் இறுகிப்போகும் என்எஸ்எஃப் நோய்க்கும் கடோலினியத்துக்கும் உள்ள தொடர்பு 2006-ல் வெளிவந்தது. கடோபியூட்ரால், கடோடெரேட் போன்ற வளைய அமைப்பு மருந்துகள் உலோகத்தை இறுகப் பிடித்திருப்பதால் அவற்றில் அந்த ஆபத்து மிகக் குறைவு. தமனியை விரிக்க நைட்ரோகிளிசரின் தருவதானால், சில்டெனாஃபில் வகை மாத்திரை சாப்பிட்டாரா என்று கட்டாயம் கேளுங்கள். இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் அபாயகரமாக இறங்கும்.

படி 2: கணக்கு

வழக்கமான அளவு கிலோவுக்கு 0.1 மில்லிமோல். 60 கிலோ எடைக்கு 6 மில்லிமோல். ஒரு மில்லியில் 0.5 மில்லிமோல் உள்ள மருந்தானால் 12 மில்லி. கடோபியூட்ராலில் 1 மில்லிமோல் இருப்பதால் 6 மில்லி போதும். புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். குப்பியின் லேபிளைப் படிக்காமல் மில்லியை மனப்பாடமாகப் போட்டால் அளவு இரட்டிப்பாகிவிடும்.

படி 3: மருந்துக்கு முன்பே எல்லாம் தயார்

இதயத்தின் நான்கு அறைகளும் தெரியும் சினியில் (அசையும் படம்) வலது கரோனரி அசையாமல் நிற்கும் இடைவெளியைத் தேடுங்கள். துடிப்பு மெதுவானால் டயஸ்டோலின் (இதயம் விரியும் கட்டம்) நடுவில், வேகமானால் சிஸ்டோலின் (சுருங்கும் கட்டம்) முடிவில் அது கிடைக்கும். மூச்சசைவைக் கண்காணித்து, சரியான நிலையில் உள்ள துடிப்புகளை மட்டும் ஏற்கும் நேவிகேட்டரை வலது உதரவிதான முகட்டில் வைத்து, சில நிமிடம் மருந்தில்லாமல் ஓட்டிப் பாருங்கள். ஏற்கப்படும் துடிப்புகள் 30 சதவீதத்துக்குக் கீழே போனால் ஊசி போட வேண்டாம். முதலில் மூச்சைச் சீராக்குங்கள்.

படி 4: மெதுவான ஊசி

இன்ஜெக்டரில் விநாடிக்கு 0.3 மில்லி. 12 மில்லி போக 40 விநாடி. 6 மில்லி மருந்தானால் சலைன் சேர்த்து 12 மில்லியாக்கலாம். அடுத்து 20 மில்லி சலைன், அதுவும் அதே வேகத்தில்தான். சலைனை வேகமாகத் தள்ளினால் குழாயில் மீந்த மருந்து ஒரே கட்டியாகப் பாய்ந்து, மெதுவாகக் கொடுத்த பலன் போய்விடும். ஊசி தொடங்கி சுமார் ஒரு நிமிடத்தில் ஸ்கேனைத் தொடங்குங்கள். இன்வெர்ஷன் நேரம் (அந்த பல்ஸுக்கும் படம் எடுப்பதற்கும் இடையே உள்ள நேரம்) 200 மில்லிவிநாடியை ஒட்டி இருந்தால் தசை இருண்டு தமனி மேலெழும்.

எங்கே கெடும்?

தசையும் ரத்தமும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் ஸ்கேன் நீண்டு மருந்து கசிந்துவிட்டது. தமனியின் ஓரம் இரட்டையாகத் தெரிந்தால் ஓய்வு இடைவெளி தவறு. மேற்பெருஞ்சிரை அருகே கருப்புக் கீற்று வந்தால் மருந்து அங்கே அடர்த்தியாகத் தேங்கியிருக்கிறது. தடிப்போ மூச்சுத்திணறலோ வந்தால் உடனே நிறுத்தி மருத்துவரை அழையுங்கள். அட்ரினலின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

படம் கெட்டது என்று இரண்டாவது ஊசிக்குப் போகாதீர்கள். தசை ஏற்கெனவே மருந்தை உறிஞ்சியிருப்பதால் வேறுபாடு திரும்பக் கிடைக்காது. அதே மருந்து பத்து நிமிடம் கழித்துத் தசைத் தழும்பைக் காட்டும் தாமதப் படத்துக்கு உதவும். நோயாளியை இறக்குவதற்கு முன் அதை எடுத்துவிடுங்கள்.