அற்றுப்போன லத்தீனுக்கு உயிர் கொடுப்பது எப்படி

லத்தீனிலிருந்து பிறந்த மொழி ஒன்றைக் கற்பனையில் உருவாக்க ஆசைப்படுகிறவர்கள் எடுத்த எடுப்பில் அழகான சொற்களைத் தேடிப் போகிறார்கள். நிலவுக்கு ஒன்று, காதலுக்கு ஒன்று, வாளுக்கு ஒன்று. சொற்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் ஊரைத் தேடுங்கள். லத்தீன் ஒரு காலத்தில் தெருவில் பேசப்பட்டு, பிறகு சுவடில்லாமல் போன ஊராக அது இருக்க வேண்டும்.

இந்தப் பொழுதுபோக்கில் ஏற்கெனவே உழுத நிலங்கள் உண்டு. நியூசிலாந்தின் ஆண்ட்ரூ ஸ்மித் 1996இல் தொடங்கிய பிரிதெனிக் என்ற கற்பனை மொழி, பிரிட்டனில் லத்தீன் பிழைத்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று கேட்கிறது. லத்தீன் சொற்களின் மேல் வெல்ஷ் மொழியின் ஒலிமாற்றங்களை ஓட்டிப் பார்த்த வேலை அது. 2002இல் வந்த வெனெதிக் அதையே போலிஷ் மொழியை வைத்துச் செய்தது. இரண்டையும் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள், ஆனால் உங்கள் ஊர் வேறாக இருக்கட்டும். நான் எடுத்துக்கொண்டது துனீசியாவின் கஃப்ஸா.

கஃப்ஸா பாலைச்சோலை ஊர். ரோமானியர் வைத்திருந்த பெயர் கப்ஸா. சிசிலி மன்னர் இரண்டாம் ரோஜருக்காக 1154இல் தம் புவியியல் நூலை முடித்த அல்-இத்ரீசி, இவ்வூர் மக்கள் பெர்பெர்களாகிவிட்டார்கள் (வட ஆப்பிரிக்காவின் பூர்வகுடிகள்), ஆனாலும் பெரும்பாலோர் ஆப்பிரிக்க லத்தீன் பேசுகிறார்கள் என்று எழுதிவைத்திருக்கிறார். அப்பகுதியின் தலைநகரான கார்த்தேஜ் அரபுகளிடம் வீழ்ந்தது 698இல். அதற்குப் பிறகு நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த மொழி மூச்சு விட்டுக்கொண்டிருந்திருக்கிறது!

இங்கேதான் மாற்று வரலாறு எழுதுகிறவர்கள் தடுக்கி விழுகிறார்கள். கார்த்தேஜ் வீழவே இல்லை என்று தொடங்கினால், ஸ்பெயினுக்கு அரபுகள் போனார்களா, ஸ்பானிய மொழியில் அரபுச் சொற்கள் இருக்குமா என்று உலகத்தையே திருத்தி எழுத வேண்டிவரும். வரலாற்றில் எவ்வளவு குறைவாகக் கை வைக்கிறோமோ அவ்வளவு நல்லது. ரோஜரின் நார்மன் படை 1148இல் துனீசியக் கடற்கரை நகரமான மஹ்தியாவைப் பிடித்தது. 1160இல் மொராக்கோ பக்கமிருந்து வந்த முஸ்லிம் அரசமரபினரான அல்மொஹத்கள் அதைத் திரும்பப் பிடித்தார்கள். என் கதையில் அந்த முற்றுகை தோற்றுப்போகிறது, அவ்வளவுதான். கடற்கரை நார்மன் கையில் இருக்கிறது. உள்நாட்டில் இருக்கும் கஃப்ஸாவை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. மொழி பிழைக்க அது போதும்.

அடுத்தது சான்றுகள். உங்கள் ஊர் லத்தீன் எப்படி ஒலித்தது என்று அங்கேயே இருந்தவர்களிடம் கேட்க வேண்டும். இந்த விஷயத்தில் ஆப்பிரிக்கா பணக்கார ஊர். இளங்குருமடத்தில் லத்தீன் படித்த காலத்தில், வட ஆப்பிரிக்காவில் ஆயராக இருந்த புனித அகுஸ்தினாரை நாங்கள் பக்திக்காகப் படித்தோம். இப்போது நான் அவரைப் புரட்டுவது ஒலியியலுக்காக. ஆப்பிரிக்கர் காதுக்குக் குறில் நெடில் பிடிபடாது என்கிறார் அவர். ‘ஒஸ்’ என்றால் எலும்பு, ‘ஓஸ்’ என்றால் வாய். மேடையில் எலும்பு என்று சொன்னால் மக்கள் வாய் என்று எடுத்துக்கொள்வார்களே, அதனால் இலக்கணத்தை விட்டுவிட்டு ‘ஒஸ்ஸும்’ என்ற பாமர வடிவத்தையே சொன்னால் என்ன என்று கேட்கிறார். குறில் நெடிலோடு வளர்ந்த நமக்கு இந்தச் சிக்கலை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது சான்று, அல்ஜீரிய-துனீசிய எல்லையருகே 1928இல் கிடைத்த மரப்பலகைகள். அல்பெர்த்தினி பலகைகள் என்று பெயர். 493 முதல் 496 வரை, அப்போது அந்தப் பகுதியை ஆண்ட வாண்டல் இனத்து அரசன் குந்தமுந்த் காலத்தில் மையால் எழுதிய கிரயப் பத்திரங்கள். ஒலிவ மரங்களோடு நிலம் விற்றது, ஓர் அடிமைச் சிறுவனை விற்றது, ஒரு பெண்ணின் சீர்வரிசை என்று எல்லாம் அன்றாடக் கணக்கு. படித்தவன் பிழையில்லாமல் எழுதியிருந்தால் நமக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. எழுத்துப்பிழைதான் நமக்குச் சோறு போடுகிறது.

மூன்றாவது, பெர்பெர் மொழிகள் லத்தீனிடம் வாங்கிய சொற்கள். கொண்டைக்கடலைக்கு இகிக்கெர், சேவலுக்கு அஃபுல்லூஸ், கழுதைக்குட்டிக்கு அஸ்னூஸ். லத்தீனில் இவை கிக்கெர், புல்லுஸ், அஸினுஸ். இந்த மூன்று சொற்களிலேயே பாதி ஒலியியல் அடங்கிவிட்டது. நான்காவதாக சார்தினியத் தீவு மொழியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆப்பிரிக்க லத்தீனுக்கு மிக நெருங்கிய உறவு இன்று உயிரோடு இருப்பது அங்கேதான்.

இப்போது எக்ஸெலைத் திறக்கலாம். இந்த வேலைக்குக் குருமடத்து லத்தீனைவிட எனக்கு அதிகம் கைகொடுத்தது நான் பார்க்கும் கணக்கர் வேலை. முதல் பத்தியில் லத்தீன் சொல்லை இரண்டாம் வேற்றுமை ஒருமையில் போடுங்கள், ஏனென்றால் மகள்மொழிகளுக்குப் பெரும்பாலும் அந்த வடிவம்தான் வந்து சேர்ந்தது. அடுத்தடுத்த பத்திகளில் ஒரு பத்திக்கு ஒரு விதி. எந்தச் சொல்லுக்கும் சலுகை கிடையாது. ‘இது காதுக்கு நன்றாக இல்லையே’ என்று ஒரு சொல்லைத் திருத்திவிட்டால், அன்றோடு கணக்கு உதைக்கும்.

என் விதிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹ-வும் கடைசி ம்-மும் விழும்: தோட்டம், ஹொர்தும் > ஒர்து. குறில் நெடில் ஒன்றாகும், ஆனால் இ இ-யாகவே, உ உ-வாகவே நிற்கும். பனி லத்தீனில் நிவெம், இத்தாலியர் அதை நேவே என்கிறார்கள், நமக்கு அந்த இ எ ஆகாது. எ, இ-க்கு முன்னால் வரும் க அப்படியே இருக்கும்: நூறு என்பது இத்தாலியில் சென்தோ, எங்கள் ஊரில் கெந்து. வ என்பது ‘பஸ்’ஸில் வரும் ப ஆகும். ஆப்பிரிக்கக் கல்வெட்டுகளில் இந்தக் குழப்பம் கொட்டிக் கிடக்கிறது. வல்லின ப என்பது ஃப ஆகும், ஏனென்றால் சுற்றியிருக்கும் அரபியிலும் பெர்பெரிலும் அந்த ப இல்லை. புல்லுஸ் அஃபுல்லூஸ் ஆனதும், கப்ஸா கஃப்ஸா ஆனதும் அப்படித்தான். அதனால் மொழியின் பெயரை நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. ‘கப்ஸா ஊருடையது’ என்ற கப்ஸென்ஸெம் விதிகளுக்குள் போய் கஃப்ஸெஸே என்று வெளியே வந்தது.

விதிகளின் வரிசை முக்கியம். லத்தீனில் தொமினம் என்றால் எஜமானி, ஸொம்னும் என்றால் உறக்கம். நடுவில் உள்ள அழுத்தமில்லாத உயிர் உதிரும் என்பது ஒரு விதி, ம்ன என்பது ன்ன ஆகும் என்பது இன்னொன்று. உதிர்வு முதலில் நடந்தால் தொன்னா, ஸொன்னு. மாற்றிப் போட்டால் ஸொன்னு வரும், ஆனால் எஜமானி தொம்னா என்றே நின்றுவிடுவாள். இரண்டுமே நடக்கக்கூடியவைதான். ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு அதிலேயே நில்லுங்கள்.

கொஞ்ச நேரத்தில் சொற்கள் ஒன்றோடொன்று மோதத் தொடங்கும். புதியவர்கள் பயந்துபோய் விதியை மாற்றுவது இந்த இடத்தில்தான். மாற்றாதீர்கள், வேலையே இனிமேல்தான் சுவாரசியமாகிறது. சமாதானம் பாக்கெம், தீப்பந்தம் ஃபக்கெம். நெடில் போய், ப ஃப ஆனதும் இரண்டுமே ஃபக்கே. இதை நான் அப்படியே விட்டுவிட்டேன். பந்தத்தைக் கேட்டவருக்கு யாரும் சமாதானத்தைக் கொண்டுவந்து தரப்போவதில்லை.

பாலமும் ஊற்றும் அப்படியல்ல. பொந்தெம், ஃபொந்தெம், இரண்டும் ஃபொந்தே ஆகிவிடுகின்றன. நீரூற்றை நம்பிப் பிழைக்கும் சோலையில், ஊற்றும் அதன் வாய்க்கால் பாலமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இடத்தில், இது தினசரிச் சண்டைக்கு வழி. அகுஸ்தினார் எலும்புக்குச் செய்ததைத்தான் ஊராரும் செய்வார்கள்: ஒன்றைக் கைவிட்டு வேறு சொல் தேடுவார்கள். ஊற்று ஃபொந்தேயாகவே இருக்கிறது. பாலத்துக்குப் பக்கத்துவீட்டு அரபியிலிருந்து கந்தரா வந்துவிட்டது. கடன்சொல்லை இப்படித்தான் வாங்க வேண்டும், தேவை வந்த இடத்தில். அழகுக்காக அரபுச் சொற்களைத் தூவினால் பார்த்த உடனே தெரிந்துவிடும்.

இலக்கணத்திலும் இதே கதை. லத்தீனில் கந்தாபித் என்றால் பாடுவான், கந்தாவித் என்றால் பாடினான். வ, ப ஆனதும் எதிர்காலமும் இறந்தகாலமும் ஒன்றாகிவிட்டன. இது என் கற்பனையில் மட்டும் நடப்பதல்ல. லத்தீனின் பழைய எதிர்காலம் எல்லா மகள்மொழிகளிலும் ஒழிந்துபோனதற்குச் சொல்லப்படும் காரணங்களில் இதுவும் ஒன்று. தீர்வும் அங்கேயே இருக்கிறது: கந்தாரெ ஹபெத், நம்முடைய ‘பாடவிருக்கிறான்’ மாதிரி. பிரெஞ்சும் இத்தாலியமும் அதை ஒட்டி ஒரே சொல்லாக்கிக்கொண்டன. கஃப்ஸெஸே ஒட்டாமல் கந்தரே அபெத் என்கிறது. மற்றபடி பெயர்ச்சொல்லுக்கு வேற்றுமை உருபு போய்விட்டது, பன்மைக்கு ஸ் உண்டு: ஒர்து, ஒர்தோஸ். லத்தீனிலும் பெர்பெரிலும் ஆங்கில ‘the’ மாதிரியான சுட்டிடைச்சொல் இல்லாததால் நானும் வைக்கவில்லை. இதில் என்னோடு சண்டைக்கு வருபவர்கள் உண்டு, வரட்டும்.

கடைசியாகச் சோதனை. இந்தப் பொழுதுபோக்குக்காரர்கள் வழக்கமாகக் கர்த்தர் கற்பித்த ஜெபத்தை மொழிபெயர்ப்பார்கள். அது வேண்டாம். ஜெபத்தின் ஒவ்வொரு வரியும் எல்லா மகள்மொழிகளிலும் கைக்கு எட்டும் தூரத்தில் கிடைப்பதால், நம்மை அறியாமலே இத்தாலியத்தைப் பார்த்து எழுதிவிடுவோம். அதற்குப் பதில் ஒரு கிரயப் பத்திரம் எழுதுங்கள். நிலம், தண்ணீர், மரம், கடன், மாமன் மச்சான், எல்லைக்கல், சாட்சி என்று அதில் வரும் சொற்கள் எல்லாம் ஒரு மொழி கட்டாயம் வைத்திருக்க வேண்டியவை. என்னுடையதில் தோட்டத்தை விற்கும் வரி இப்படிப் போகிறது: பெந்திதி ஒர்து கு ஃபொந்தே, ஸினே கந்தரா. தோட்டத்தை விற்றேன், ஊற்றோடு சேர்த்து, பாலம் நீங்கலாக.