இரைச்சலைத் துடைத்தால் இசையும் போகும்: பழைய பிக் பேண்ட், ஆப்பரெட்டா கேட்கத் தொடங்குபவர்கள் தவிர்க்க வேண்டியவை

போன மாதம் என் மனைவியின் தங்கை மகன் ஒரு பென்டிரைவோடு வீட்டுக்கு வந்தான். அவனுடைய அப்பா வழித் தாத்தா சேர்த்து வைத்த, நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய இசைத்தட்டுகளில் நாற்பதைக் கணினியில் ஏற்றிவிட்டானாம். "ஒரு பொட்டு இரைச்சல் இருக்காது பெரியப்பா, கேட்டுப் பாருங்க" என்றான். முகமெல்லாம் சந்தோஷம். முதலில் ஓடியது அமெரிக்க ஜாஸ் பியானோக்காரர் கவுன்ட் பேசியின் பிக் பேண்ட், அதாவது ஊதுகருவிகள் நிறைந்த பெரிய ஜாஸ் குழு, 1937-இல் பதிந்த 'ஒன் ஓ'கிளாக் ஜம்ப்'. இரைச்சல் உண்மையிலேயே இல்லை. கூடவே டிரம்ஸிலும் பாதி இல்லை. கிடார் இருந்த சுவடே இல்லை. இருபது வருஷத்துக்கு முன்னால் நான் செய்த அதே காரியத்தை, அதே சந்தோஷத்தோடு, இவனும் செய்திருந்தான்.

அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். தட்டை வெயிலில் வைக்காதே, விரல் படாமல் ஓரத்தைப் பிடி, படுக்க வைத்து அடுக்காதே என்பதை எல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

இரைச்சலை ஒட்ட வழிப்பது

என் அப்பா பெரம்பூரில் ரயில்வே வேலையில் இருந்தவர். அங்கே ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நிறைய. ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் டான்ஸ் நடக்கும், பேண்ட் வாசிக்கும். அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறியபோது, ஒரு டிரங்குப் பெட்டி நிறையத் தட்டுகளை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். பேசி, பென்னி குட்மேன், கிளென் மில்லர் ஆகியோரின் குழுக்கள், கில்பர்ட் எழுதி சல்லிவன் இசையமைத்த ஆப்பரெட்டாக்கள் (பாட்டும் பேச்சும் கலந்த இலகுவான இசை நாடகங்கள்) என்று எல்லாம் கலந்து கிடக்கும். நான் வளர்ந்ததே அந்தப் பெட்டியின் மேல் உட்கார்ந்துதான்.

2003-இல் அவற்றைக் கணினிக்கு மாற்றினேன். இரைச்சல் நீக்கும் மென்பொருள் ஒன்று கிடைத்தது. பாட்டு தொடங்கும் முன் முள் ஓடும் வெறும் குழியிலிருந்து இரைச்சலின் மாதிரியை எடுத்துக்கொண்டு, பாட்டு முழுவதிலிருந்தும் அதைக் கழித்துவிடும். அளவுகோலைக் கடைசிவரை தள்ளினேன். மயான அமைதி. எனக்கு அப்படி ஒரு பெருமை. மூலப்பதிவை அழித்து இடத்தை மிச்சம் பிடித்தேன். வீடு மாற்றும்போது தட்டுகளையும் கொடுத்துவிட்டேன், அதுதான் கணினியில் இருக்கிறதே என்று. இன்று என்னிடம் இருப்பவை தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பது போன்ற அறுபது கோப்புகள் மட்டும். இதை நினைக்கும்போதெல்லாம் இப்போதும் வயிறு எரிகிறது. வேறொருவர் அதையே செய்து பார்க்கும்போது இன்னும் எரிகிறது.

எங்கே தப்பு என்று விளங்கிக்கொள்ள பேசி குழுவையே எடுத்துக்கொள்வோம். ஜோ ஜோன்ஸ் டிரம்ஸ், வால்டர் பேஜ் பாஸ், ஃப்ரெடி கிரீன் கிடார், பேசியின் பியானோ. இந்த நால்வர்தான் அந்தக் குழுவின் முதுகெலும்பு. அதுவரை தாளத்தைப் பெரிய காலடி டிரம்மில் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஜோ ஜோன்ஸ் அதைக் காலால் மிதித்து மூடித் திறக்கும் இரட்டைத் தாளத் தட்டுக்கு, ஹை-ஹாட்டுக்கு, ஏற்றினார். 'ட்ஸீ... ட்ஸ்-ட்ஸீ' என்று அது மெல்லச் சுவாசித்துக்கொண்டே இருக்கும். ஸ்விங் என்று அந்தக் காலத்தையே பெயரிட்டுச் சொல்கிறோமே, அந்த ஆட்டம் அங்கேதான் இருக்கிறது. கிரீனின் கிடாருக்கு மின்சாரப் பெருக்கி கிடையாது. தனியாகக் கேட்காது. ஒவ்வொரு அடியிலும் தந்தியைத் தொட்டு விடும் அந்த மெல்லிய 'சக்' மட்டும் அடியில் ஓடும்.

இந்த இரண்டு ஓசையும் இருப்பது இரைச்சல் இருக்கும் அதே உயர்ந்த அதிர்வெண்களில்தான். 1930-களின் தட்டுகளில் மேல் ஓசை 8,000 ஹெர்ட்ஸ் அளவிலேயே மங்கத் தொடங்கிவிடும். இருப்பதே கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தில் பட்டாணி வறுப்பது போன்ற சடசடப்பும் உண்டு, ஹை-ஹாட்டும் உண்டு, சாக்ஸபோன் நாணலில் உரசும் மூச்சும் உண்டு, பாடுபவரின் 'ஸ', 'ட', 'க' ஒலிகளும் உண்டு. மென்பொருளுக்கு எது எது என்று தெரியாது. எல்லாவற்றையும் சேர்த்துக் கழிக்கும். ஜால்ராவைப் பிடுங்கிக்கொண்டு பஜனை பாடச் சொன்ன மாதிரிதான். சுரம் இருக்கும், நடை இருக்காது.

இன்னொன்றும் போகும். ஒரு டிரம்பெட் சட்டென்று நின்றதும் அந்தக் கூடத்தில் அதன் நாதம் அரை விநாடி தங்கிக் கரையும். அந்தக் கரையும் வால் மிக மெல்லியது, இரைச்சலின் மட்டத்துக்குள் போய் முடிவது. அதையும் வெட்டிவிட்டால் வாசிப்பவர்கள் ஒரு கூடத்தில் இருந்து வாசித்தது போலவே இருக்காது.

நம் காது இந்த வேலையை இதைவிட நன்றாகச் செய்யும். மின்விசிறிச் சத்தம் இரண்டு நிமிடத்தில் காதில் படாமல் போவது போல, தட்டின் கரகரப்பும் போய்விடும். நான்காவது பாட்டில் அதை மறந்தே போவீர்கள். வெட்டி எறிந்த ஹை-ஹாட்டை எந்தக் காதாலும் திரும்ப உண்டாக்க முடியாது.

நான் இப்போது செய்வது இதுதான். ஸ்டீரியோ முள்ளால் எடுத்து இடம், வலம் இரண்டையும் கூட்டி ஒன்றாக்குவேன். இந்தத் தட்டுகளில் இசை பக்கவாட்டு அசைவாக மட்டுமே பதிந்திருக்கிறது. கூட்டும்போது முள் மேலும் கீழும் குதிப்பதால் வரும் சத்தம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். இசைக்குச் சேதமில்லாமல் கிடைக்கும் சுத்தம் இது. பிறகு பெரிய கீறலின் 'டக் டக்' ஒலிகளை மட்டும் ஒவ்வொன்றாகக் கையால் எடுப்பேன். அதற்கு மேலும் எதையாவது குறைக்கத் தோன்றினால், நீக்கப்போகும் ஒலியை மட்டும் தனியாக ஓடவிட்டுக் கேளுங்கள். பல மென்பொருள்களில் அந்த வசதி உண்டு. அதில் வெறும் சலசலப்பு கேட்டால் சரி. பாட்டின் நடை கேட்டால் கையை எடுத்துவிடுங்கள். கை படாத மூலப்பதிவு எப்போதும் தனியாக இருக்கட்டும்.

இணையத்தில் கேட்பவர்களுக்கும் இது பொருந்தும். ஒரே பதிவு நாலு விதமாகக் கிடைத்தால், வழுவழுவென்று இருப்பதை எடுக்காமல் லேசாகக் கரகரப்பதைக் கேளுங்கள்.

தவறான முள்

இரைச்சல் தாங்கவில்லை என்று சொல்பவர்களில் பலர் எல்பி முள்ளை, அதாவது பிறகு வந்த நெடுநேரத் தட்டுக்கான முள்ளை, வைத்து 78 தட்டைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். எல்பி முள்ளின் முனை சுமார் 25 மைக்ரான், 78 தட்டுக்கு வேண்டியது சுமார் 75. சின்ன முள் அகலக் குழியின் அடிக்குப் போய், இத்தனை வருஷத் தூசியை உழுதுகொண்டு ஓடும். முதலில் முள்ளை மாற்றுங்கள், பிறகு மென்பொருளைப் பற்றி யோசிக்கலாம். சாவி கொடுக்கும் பழைய கிராமபோனில் எஃகு ஊசி என்றால் ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசி. அந்தப் பெட்டியில் எல்பியை வைத்தால் ஒரே ஓட்டத்தில் எல்பி போச்சு.

ஸ்பிரிட்டால் துடைப்பது

அரக்கு சாராயத்தில் கரையும். 78 தட்டு அரக்கு.

1925-க்கு முந்தியதிலிருந்து தொடங்குவது

காலவரிசைப்படி கேட்கிறேன் என்று ஆர்வக்காரர்கள் முதலில் போய் நிற்பது இங்கேதான். 1925-இல்தான் ஒலிப்பதிவுக்கு மைக் வந்தது. அதற்கு முன் எல்லாரும் ஒரு பெரிய தகரப் புனலின் வாயில் நெருக்கியடித்து நின்று வாசித்தார்கள். வயலின் புனலுக்குள் எட்டவில்லை என்று குழாய் பொருத்திய ஸ்ட்ரோ வயலின் வைத்தார்கள். டபுள் பாஸுக்குப் பதில் டியூபா ஊதினார்கள். அதைக் கேட்டுவிட்டு "அந்தக் காலத்து ஆர்கெஸ்ட்ரா சோகை பிடித்தது" என்று முடிவு கட்டுவது அநியாயம். 1930-களில் தொடங்குங்கள். காது பழகிய பிறகு பின்னால் போகலாம்.

வேகத்தையும் பாருங்கள். அந்தப் பழைய தட்டுகள் எல்லாம் சரியாக 78-இல் சுற்றியவை அல்ல. 74-இல் பதிந்ததை 78-இல் ஓட்டினால் சுருதி கிட்டத்தட்ட அரைச் சுரம் ஏறும், பாடகர் அவசரக்காரர் ஆகிவிடுவார்.

பெயரைப் பார்த்து ஏமாறுவது

கிளென் மில்லர் 1944 டிசம்பர் 15 அன்று ஆங்கிலக் கால்வாயைக் கடக்கக் கிளம்பிய விமானத்தோடு காணாமல் போனார். 1946-இலேயே டெக்ஸ் பெனெகி தலைமையில் அவர் பெயரால் குழு வாசிக்கத் தொடங்கிவிட்டது. பிறகும் பலர் வந்தார்கள். நல்ல வாசிப்புதான், ஆனால் மில்லர் இல்லை. ஸ்டீரியோ தட்டு கடைக்கு வந்ததே 1958-இல். பளிச்சென்று இரண்டு பக்கமும் பிரிந்து கேட்கும் 'இன் த மூட்' கிடைத்தால், அது 1939 ஆகஸ்டில் பதிந்த பாட்டு இல்லை என்று அப்போதே தெரிந்துகொள்ளலாம். விலக்குகள் உண்டு. 1932-இல் இன்னொரு பிக் பேண்ட் தலைவரான டியூக் எலிங்டன் வாசித்ததை ஒரே நேரத்தில் இரண்டு மைக் வைத்து இரண்டு தட்டில் பதிந்திருந்தார்கள். பல பத்தாண்டுகள் கழித்து இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது அசல் ஸ்டீரியோவாக நின்றது. மில்லர் குழு நடித்த திரைப்படங்களின் ஒலிப்பதிவிலும் இப்படிச் சில கிடைத்திருக்கின்றன.

மில்லரின் மெதுவான பாட்டுகளில் சாக்ஸபோன் கூட்டத்துக்கு மேலே ஒரு கிளாரினெட் மெட்டைப் பிடித்திருக்கும். ஒரு டெனர் சாக்ஸபோன் ஒரு ஸ்தாயி கீழே அதே மெட்டைத் தொடரும். அந்தக் குரலை ஒருமுறை காதில் ஏற்றிக்கொண்டால் உறையில் அச்சடித்த பெயரை நம்பி வாங்க வேண்டியதில்லை.

'ஸ்டீரியோவாக மாற்றியது' என்ற முத்திரை

1960-களில் மோனோவை, அதாவது ஒற்றைத் தடப் பதிவை, இரண்டாகக் கூறுபோட்டு எதிரொலி கலந்து விற்றார்கள். வாங்காதீர்கள்.

ஒரே மூச்சில் 25 பாட்டு

பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடம். முடிந்ததும் எழுந்து போய்த் திருப்பிப் போட வேண்டும். அந்த மூன்று நிமிடத்துக்குள் தொடக்கம், தனி வாசிப்புகள், உச்சம் எல்லாம் அடங்கும்படிதான் கோத்தார்கள். எலிங்டனின் 1940-ஆம் வருஷத்து 'கோ-கோ' மூன்று நிமிடத்துக்கும் குறைவு. அதற்குள் அவ்வளவு நெருக்கமாக அடுக்கியிருக்கிறார். அதன் பின்னால் உடனே இன்னொன்று, அதன் பின்னால் இன்னொன்று என்று ஓடவிட்டால் எல்லாம் ஒரே குழம்பாகிவிடும். மூன்று கேளுங்கள். நிறுத்துங்கள். பிடித்ததைத் திரும்பக் கேளுங்கள்.

இதே குழுக்கள் ஆட்டக் கூடங்களில் வாசித்தபோது நேரக் கட்டுப்பாடு கிடையாது. 1940 நவம்பர் 7 அன்று அமெரிக்காவின் ஃபார்கோ ஊரில் எலிங்டன் குழு வாசித்ததை இரண்டு இளம் ரசிகர்கள் கையோடு கொண்டுபோன கருவியில் தட்டாகப் பதிந்துகொண்டார்கள். ஜிம்மி பிளான்டனின் பாஸ் அதில் தெரியும் அழகு தனி. அதிலும் கரகரப்பு உண்டு. அதற்காக யாரும் அதை விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

சொல்லை விட்டுவிட்டு ஆப்பரெட்டா கேட்பது

கில்பர்ட் - சல்லிவன் ஆப்பரெட்டாக்களில் முன்னிசையை மட்டும் கேட்டுவிட்டு "இனிமையாக இருந்தது" என்று நகர்ந்துவிடுகிறார்கள். பாதிச் சாப்பாடு கூட ஆகவில்லை. 'த மிகாடோ' 1885-இல் லண்டன் சவோய் அரங்கில் தொடங்கி 672 முறை தொடர்ந்து நடந்தது. ஜப்பானில் நடப்பதாகச் சொல்லிக்கொண்டு இங்கிலாந்தின் அதிகாரிகளை வாரியது. சொல் புரியாமல் அது எப்படி ருசிக்கும்? பாடல் வரிகள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். சொற்களை மூச்சு விடாமல் கொட்டும் பாட்டுகள் வரும்போது சல்லிவன் ஆர்கெஸ்ட்ராவை எப்படி ஒதுங்கி நிற்க வைக்கிறார் என்று கவனியுங்கள். பாடகருக்கு வழிவிட்டு வாசிக்கும் நல்ல பக்கவாத்தியக்காரரைப் போல. அந்தப் பாட்டுகள் மெய்யெழுத்துகளில் நிற்பவை. இரைச்சலோடு 'ஸ', 'ட' இரண்டையும் துடைத்துவிட்ட பதிவில் அவை முணுமுணுப்பாகிவிடும்.

வியன்னா பக்கம் போனால் 1905-இல் மேடையேறிய, லெஹார் இசையமைத்த 'த மெரி விடோ'. ஜெர்மன் தெரியாவிட்டால் கதையைப் பத்து நிமிடம் படித்துவிட்டுக் கேளுங்கள். லெஹார் பாட்டுகளைப் பாடகர் ரிச்சர்ட் டௌபர் குரலில் கேட்காமல் இருக்காதீர்கள். உச்சத்துக்குப் போய்ச் சட்டென்று குரலைப் பூப்போல இறக்குவார். அந்த இறக்கம்தான் டௌபர். துடைத்த பதிவில் அதுவும் பாதியில் அறுந்துவிடும்.

'லைட் மியூசிக்' என்ற இளக்காரம்

ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதிய இலகுவான இசையைத்தான் லைட் மியூசிக் என்கிறார்கள். ஆங்கிலேய இசையமைப்பாளர் எரிக் கோட்ஸின் ஒரு வால்ட்ஸ், பிபிசியின் ஒரு வானொலி நிகழ்ச்சிக்கு 1942 முதல் முகப்பிசையாக இருக்கிறது. மந்தோவானி ஆர்கெஸ்ட்ராவின் 1951 'ஷார்மெய்ன்' பதிவில் வயலின்கள் அருவி போல வழிவதைக் கேட்டிருப்பீர்கள். அதற்கு வாத்திய அமைப்பு எழுதிய ரொனால்ட் பின்ஜ், மெட்டின் சுரங்களை வயலின் பிரிவுகளுக்குப் பங்கு போட்டு எழுதினார். ஒரு பிரிவு தன் சுரத்தைப் பிடித்து நிற்கும்போதே அடுத்த பிரிவு அடுத்த சுரத்தை எடுக்கும். பெரிய தேவாலயத்தில் எதிரொலிப்பது போலக் கேட்கும் அந்த நாதம் முழுக்கத் தாளில் எழுதி உண்டாக்கியது. இதை லேசான வேலை என்று சொல்ல எனக்கு மனம் வராது.

பையனிடம் தட்டுகள் எங்கே என்று கேட்டேன். பழைய சாமான்காரரிடம் பேசியாகிவிட்டது, சனிக்கிழமை வந்து எடுத்துப்போவார் என்றான். வெள்ளிக்கிழமை காலையில் ஆட்டோ பிடித்துப் போய் நாற்பதையும் என் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஞாயிறு அவன் வந்தபோது சரியான முள்ளைப் போட்டு, எதையும் நீக்காமல் பேசியை ஓடவிட்டேன். முதல் நிமிடம் முகத்தைச் சுளித்தான். அப்புறம் அவன் கால் தானாகத் தட்டத் தொடங்கியது. "அந்த 'ட்ஸீ ட்ஸீ' முன்னாடி இல்லையே பெரியப்பா" என்றான்.

இதுவரை பதினேழு தட்டு முடித்திருக்கிறோம்.