பூவின் நிறத்தை விடுங்கள், இலையிலிருந்து தொடங்குங்கள்: பூங்காவில் காட்டுப்பூக்களை அடையாளம் காண்பது எப்படி

பூங்கா நடைபாதை ஓரத்தில் ஒரு சின்ன மஞ்சள் பூவைப் பார்க்கிறீர்கள். போனில் படம் எடுத்து வீட்டுக்கு வந்து தேடினால், அதே மாதிரி இருபது மஞ்சள் பூக்கள் வரிசையாக வந்து நிற்கும். எனக்கும் முதல் சில மாதங்கள் இப்படித்தான் போனது. நெருஞ்சி, நாய்வேளை, புளியாரை, அரிவாள்மனைப் பூண்டு நான்கையும் ஒரே செடி என்றே நினைத்திருந்தேன், ஆனால் நான்கும் நான்கு தனித்தனிக் குடும்பம். பூவை மட்டும் நெருக்கத்தில் எடுத்துவிட்டுச் செடியைப் பார்க்காமல் வந்ததுதான் தப்பு.

எப்போது போவது

காலையில் போங்கள். விஷ்ணுகிராந்தியின் நீலப்பூவும் கானாவாழையின் நீலப்பூவும் காலையில் விரிந்து, வெயில் ஏறியதும் சுருங்கிவிடும். மதியம் போனால் அங்கே அவை இருந்ததே தெரியாது. முதல் நாளே பூங்கா முழுவதையும் சுற்ற வேண்டாம், நூறு அடி நடைபாதை போதும்.

முதலில் இலையும் தண்டும்

தண்டில் இலைகள் எப்படி அமைந்திருக்கின்றன? ஒரு கணுவில் இரண்டு இலைகள் நேருக்கு நேர் நிற்கின்றனவா, இல்லை ஒன்று இந்தப் பக்கம், அடுத்தது சற்று மேலே அந்தப் பக்கம் என்று மாறி மாறி வருகின்றனவா? பாதிச் செடிகள் இந்த ஒரு கேள்வியிலேயே கழிந்துவிடும்.

அடுத்து, நீங்கள் பார்ப்பது முழு இலையா, பல சிற்றிலைகள் சேர்ந்த கூட்டிலையின் ஒரு துண்டா? இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்கில் ஒரு சின்ன மொட்டு இருக்கும். மொட்டு எங்கே இருக்கிறதோ அங்கிருந்துதான் ஓர் இலை தொடங்குகிறது, சிற்றிலைகளின் அடியில் அது இருக்காது. இது கண்ணுக்குப் பழக நாலைந்து நாள் ஆகும், பழகிவிட்டால் அப்புறம் குழப்பமே வராது.

இப்போது அந்த மஞ்சள் பூக்களுக்குத் திரும்பி வருவோம். இதய வடிவத்தில் மூன்று சிற்றிலைகள் இருந்தால் புளியாரை. தரையோடு படர்ந்து, புளிய இலை மாதிரி ஜோடி ஜோடியாகச் சிற்றிலைகள் இருந்தால் நெருஞ்சி. தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டி, கடுமையான வாடை அடித்தால் நாய்வேளை, அதற்கு இதழும் நான்குதான். விளிம்பில் ரம்பப் பல் உள்ள நீளமான தனி இலை, பூவின் நடுவில் செம்பருத்தியில் நீட்டிக்கொண்டிருக்குமே அதே மாதிரி ஒரு குட்டித் தூண் இருந்தால், அது செம்பருத்தியின் உறவான அரிவாள்மனைப் பூண்டு.

ஓரளவு அடையாளம் தெரிந்த செடியாக இருந்தால், தண்டை இரண்டு விரலுக்கு நடுவில் மெதுவாக உருட்டியும் பாருங்கள். தும்பையின் தண்டு நாலு பட்டையாக இருக்கும், துளசிக் குடும்பத்தில் இது பொதுவான அடையாளம். ஆனால் உண்ணிச்செடிக்கும் நாலு பட்டைத் தண்டுதான், அது வேறு குடும்பம், போதாததற்கு முள்ளும் உண்டு. அதனால் ஒரே ஓர் அடையாளத்தை வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

பிறகு பூ

இதழ்களை எண்ணுங்கள். மூன்று மூன்றாக அமைந்து, இலை நரம்புகளும் இணைகோடுகளாக ஓடினால் அது பெரும்பாலும் ஒருவித்திலைத் தாவரம், அதாவது புல், வாழை போல விதையில் ஒரே ஒரு விதையிலை உள்ள வகை. சங்குப்பூவைப் போல ஒரு பெரிய இதழ் விரிந்து நின்றால் அவரை, பட்டாணிக் குடும்பம்.

எல்லோரும் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. வெட்டுக்காயப் பூண்டின் பூவைக் குனிந்து, முடிந்தால் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வைத்துப் பாருங்கள். வெளியே வெளிர்நிறத்தில் ஐந்து இதழ், நடுவில் மஞ்சள் என்று தோன்றும். அந்த ஒவ்வோர் இதழின் நுனியிலும் மூன்று பல் வெட்டு இருக்கும், அது இதழே இல்லை, ஒரு முழுப்பூ. நடுவில் இருக்கும் மஞ்சள் பொட்டு, குட்டிக் குழாய் போன்ற பல பூக்கள் நெருக்கியடித்து நிற்கும் கூட்டம். நாம் ஒரு பூ என்று சொல்வது உண்மையில் ஒரு பூங்கொத்து! சூரியகாந்திக் குடும்பம் முழுவதும் இப்படித்தான். இதை முதல்முறை லென்ஸில் பார்த்த அன்று அதே செடிக்குப் பக்கத்தில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

படமும் பெயரும்

ஒரு செடிக்குக் குறைந்தது நாலு படம் எடுங்கள்: முழுச்செடி, இலை தண்டோடு சேரும் இடம், பூ நேராக, பூ பக்கவாட்டில். அளவு தெரிய விரலைப் பக்கத்தில் வையுங்கள். இவற்றை ஐநேச்சுரலிஸ்ட், பிளான்ட்நெட் போன்ற செயலிகளில் ஏற்றினால் பெயர்கள் வரும். முதலில் வரும் பெயரை அப்படியே எழுதிக்கொள்ளாமல், நீங்கள் பார்த்த இலையும் தண்டும் அந்தப் பெயரோடு ஒத்துப்போகின்றனவா என்று சரிபாருங்கள்.

அறிவியல் பெயரையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வெட்டுக்காயப் பூண்டையே கிணற்றடிப் பூண்டு என்பார்கள், தாத்தாப்பூ என்பார்கள். டிரைடாக்ஸ் புரோகம்பென்ஸ் என்று எழுதினால் குழப்பமில்லை. இப்படி இரண்டு சொல்லில் பெயரிடும் முறையை ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் எல்லாத் தாவரங்களுக்கும் சீராகப் பயன்படுத்தினார், இன்றைக்கும் அதுதான் வழக்கம்.

தொடக்கூடாதவை

பார்த்தீனியம் பலருக்குத் தோலில் அரிப்பும் ஒவ்வாமையும் கொடுக்கும். எருக்கம்பால் கண்ணில் படவே கூடாது. ஊமத்தை முழுச்செடியும் விஷம். பெயர் தெரியாத செடியை உருட்டவும் கசக்கவும் வேண்டாம், கண்ணால் பார்த்தாலே போதும். எதையும் வாயில் வைக்காதீர்கள், பறிக்கவும் வேண்டாம்.

பறிக்காமல் விடுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இரண்டு வாரம் கழித்து அதே இடத்துக்குத் திரும்பப் போங்கள். பூவில் சந்தேகம் இருந்தால் காய் தீர்த்துவைக்கும்: நாய்வேளையில் ஊசி மாதிரி நீளக் காய்கள் மேல்நோக்கி நிற்கும், புளியாரையில் குட்டி வெண்டைக்காய் போல இருக்கும், நெருஞ்சியின் முள்காய் உங்கள் செருப்பின் அடியிலேயே குத்தி ஒட்டியிருக்கும்.