பேட்ச் ஸ்கிரிப்ட்: லூப்புக்குள் மாறியின் மதிப்பைப் புதுப்பித்தல்

பேட்ச் ஸ்கிரிப்ட் (விண்டோஸ் கட்டளைகளை வரிசையாக இயக்கும் கோப்பு) கொண்டு ஒரு கோப்புறையிலுள்ள உரைக் கோப்புகளை எண்ணிட்டுப் பட்டியலிட முயலும்போது, எல்லாக் கோப்பின் முன்னும் 0 என்றே அச்சாகி, லூப் (கட்டளைகளைத் திரும்பத் திரும்ப இயக்கும் சுற்று) முடிந்த பிறகு மட்டும் சரியான எண்ணிக்கை வருவதுண்டு. கூட்டலில் பிழையில்லை. அடைப்புக்குறிகளுக்குள் இருக்கும் கட்டளைகள் அனைத்தையும் விண்டோஸின் கட்டளை இயக்கியான சிஎம்டி ஒரே கட்டளையாக முதலில் படித்து, எண்ணிக்கையை வைத்திருக்கும் மாறியான %கவுண்ட்% என்ற இடத்தில் அந்நேரத்து மதிப்பான 0-ஐ அப்போதே நிரப்பிவிடுவதால், லூப் எத்தனை முறை சுற்றினாலும் அந்த 0 மாறுவதில்லை.

விண்டோஸ் 2000 முதல் இதற்குத் தீர்வு உண்டு: மாறியின் மதிப்பைத் தாமதமாக எடுக்கும் வசதி. (கட்டளைகளை ஒலிப்பின்படி தந்துள்ளேன், ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்யவும்.)

செட்லோக்கல் எனேபிள்டிலேய்டுஎக்ஸ்பேன்ஷன்
செட் கவுண்ட்=0
ஃபார் %%எஃப் இன் (*.டிஎக்ஸ்டி) டூ (
செட் /ஏ கவுண்ட்+=1
எக்கோ !கவுண்ட்! %%எஃப்
)

ஆச்சரியக்குறிக்குள் இட்ட மாறியின் மதிப்பு, அந்த வரி இயங்கும் நேரத்தில்தான் எடுக்கப்படும். சமக்குறியின் இருபுறமும் இடைவெளி விடக்கூடாது.

கோப்பின் பெயரிலேயே ஆச்சரியக்குறி இருந்தால்தான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது. இந்த வசதி இயங்கும்போது %%எஃப் விரிந்தால் அக்குறி காணாமல் போய், பெயர் சிதைந்துவிடும். நகலெடுக்கும் ஸ்கிரிப்ட்டாக இருந்தால் கோப்பே கிடைக்காது. ஆகவே தொடக்கத்தில் வெறும் செட்லோக்கலை இட்டு, வசதியை லூப்புக்குள் மட்டும் திறந்து மூடுங்கள்:

செட் "ஃபைல்=%%எஃப்"
செட் /ஏ கவுண்ட்+=1
செட்லோக்கல் எனேபிள்டிலேய்டுஎக்ஸ்பேன்ஷன்
எக்கோ !கவுண்ட்! !ஃபைல்!
எண்ட்லோக்கல்

இங்கு வரிசை மிக முக்கியம். செட்லோக்கலுக்கும் எண்ட்லோக்கலுக்கும் இடையே செய்யும் மாற்றங்கள் அழிந்துவிடும் என்பதால், கூட்டலை அதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். எண்ட்லோக்கலை விட்டுவிட்டால், 32 நிலைகள் என்ற வரம்பைத் தாண்டியதும் ஸ்கிரிப்ட் பிழை காட்டும். 'கால் எக்கோ %%கவுண்ட்%%' என்ற பழைய வழியும் வேலை செய்யும். ஆனால் பெரிய கோப்புறைகளில் அது மெதுவாக இயங்குவதால் நான் பரிந்துரைப்பதில்லை.

பின்சேர்க்கை: தேதியிலிருந்து எடுத்த மாதத்தைக் கூட்டும்போது 08, 09 ஆகியவற்றில் மட்டும் பிழை வருவதாக வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். 0-வில் தொடங்கும் எண்ணை 'செட் /ஏ' எட்டடிமான எண்ணாகக் கொள்கிறது. அதில் 8, 9 என்ற இலக்கங்களே இல்லை. முன்னால் 1 சேர்த்து 100-ஐக் கழித்தால் சரியாகிவிடும்:

செட் /ஏ மந்த்=1!மந்த்!-100