15,300 கிலோமீட்டரை 900-ஆல் வகுக்காதீர்கள்

சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் போக எவ்வளவு நேரமாகும்? தூரம் சுமார் 15,300 கிலோமீட்டர். விமானத்தின் வேகம் மணிக்கு 900. வகுத்தால் 17 மணி நேரம். இப்படிக் கணக்குப் போட்டுவிட்டு, டிக்கெட்டில் பதினெட்டரைக்கு மேல் இருப்பதைப் பார்த்துக் குழம்புகிறவர்கள் நிறையப் பேர்.

முதல் கோளாறு அந்தத் தூரத்திலேயே இருக்கிறது. உலக உருண்டையில் இரண்டு ஊருக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்தால் அது வடதுருவத்தை ஒட்டிப் போகும். 15,300 என்பது அந்த நூலின் நீளம்தான், விமானம் போகும் பாதையின் நீளமல்ல. ஏறக்குறைய 10 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்றோட்டம் ஓடுகிறது; குளிர்காலத்தில் அதன் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டுவதும் உண்டு. அது முதுகில் தள்ளினால் சுற்றிப் போனாலும் லாபம். அதனால் சிங்கப்பூரில் கிளம்பும் விமானம் பெரும்பாலும் பசிபிக்கைக் கடந்து கிழக்கே போகிறது. வேடிக்கை என்னவென்றால், திரும்பும்போதும் சில நாள் அட்லாண்டிக், ஐரோப்பா வழியாகக் கிழக்கேதான் வருகிறது! இந்தக் காற்றின் பலத்தில்தான் 2020 பிப்ரவரியில் ஒரு 747 விமானம் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. வழக்கமாக அதற்கு ஏழு மணி நேரம் வேண்டும்.

டிக்கெட்டில் போட்டிருப்பது பறக்கும் நேரம் மட்டுமல்ல. வாயிலை விட்டு நகர்வது, ஓடுபாதையில் வரிசையில் நிற்பது, இறங்கியபின் ஊர்ந்து வருவது எல்லாம் அதில் அடங்கும்.

அடுத்தது கடிகாரம். திங்கள் இரவு 11.30-க்குக் கிளம்பி செவ்வாய் காலை 6-க்கு இறங்குகிறது என்றால் ஆறரை மணி நேரம் என்று யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் எத்தனை மணி நேரத்தைக் கூட்டுவது என்பதில் சறுக்குவார்கள். மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை நியூயார்க் 12 மணி நேரம் பின்னால். மற்ற மாதங்களில் 13. திரும்பும் பயணத்தில் திங்கள் இரவு 10.30-க்கு ஏறினால், இறங்குவது புதன் விடிகாலை. செவ்வாய்க்கிழமை எங்கே போனது என்று தேடக்கூடாது.

நள்ளிரவு தாண்டிய டிக்கெட்டில் எங்கள் வீட்டிலேயே அடிபட்டிருக்கிறோம். 15-ஆம் தேதி 00.40 என்றிருந்ததை, சித்தப்பா 15-ஆம் தேதி ராத்திரி என்று எடுத்துக்கொண்டார். பெட்டியோடு போய் நின்றபோது விமானம் போய் இருபது மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. 14-ஆம் தேதி சாப்பாடு முடிந்ததும் கிளம்பியிருக்க வேண்டும்.

ஒரே விமான எண் என்றால் இடையில் எங்கும் நிற்காது என்றும் எண்ண வேண்டாம். ஃபிராங்க்ஃபர்ட்டில் நின்று போகும் விமானமும் ஒரே எண்ணில்தான் பறக்கிறது. அதில் போனால் கிட்டத்தட்ட ஒரு முழு நாள். 'நான்ஸ்டாப்' என்று இருக்கிறதா பாருங்கள்.

கடைசியாக, அழைத்துவர வருகிறவருக்கு ஒரு வார்த்தை. சிங்கப்பூர் விமானங்கள் நியூயார்க்கின் ஜே.எஃப்.கே. விமான நிலையத்திலும் இறங்குகின்றன, ஆற்றுக்கு அந்தப்பக்கம் நியூ ஜெர்சியில் உள்ள நெவார்க்கிலும் இறங்குகின்றன. நடுவே மன்ஹாட்டன் நெரிசல். காரை எடுக்கும் முன் டிக்கெட்டின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள்.