ஓஸ்ட்ஹைம் போனால் ஆர்கன் மியூசியத்தைத் தவறவிடாதீர்கள்

ஜெர்மனியின் ரோன் மலைப்பக்கம் போகிறவர்களுக்கு: ஓஸ்ட்ஹைம் என்ற சின்ன ஊரில், ஹான்ஸ்டைன் மாளிகையில், பைப் ஆர்கன் (குழாய்களில் காற்றைச் செலுத்தி வாசிக்கும் இசைக்கருவி) செய்யும் தொழிலுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. உள்ளே போனதும் முதலில் குழாய்களின் நீளத்தைக் கவனியுங்கள். நீளம் பாதியானால் சுருதி ஒரு ஸ்தாயி ஏறும், ஆனால் மேல்முனையை அடைத்துவிட்டால் அதே நீளக் குழாய் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே இறங்கி ஒலிக்கும், இது பிடிபட்டால் மற்றதெல்லாம் சுலபமாக விளங்கும். உலோகக் குழாய்கள் பெரும்பாலும் வெள்ளீயமும் காரீயமும் கலந்து உருக்கித் தகடாக வார்த்து உருட்டியவை. எவ்வளவு பொறுமை வேண்டும்! 2017-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய கலை இது. அப்புறம், சின்ன ஊர் மியூசியம், திறந்திருக்கும் நேரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அங்கே மதில் சூழ்ந்த பழைய கோட்டைத் தேவாலயத்தையும் சேர்த்துப் பாருங்கள்.